பொய்க்கொடி

நவநீத் சார் கொடி ஏற்றுமதி செய்கிறார் என்றுதான் அவர் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. மீன் என்ற சொல்லையே உள்ளே விடாத வீடு. அந்த வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படித்து, வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஐஸ் பிளாண்டின் பின்னால் ஷெட் எடுத்து, மீன்பிடிக்கும் சாமான் செய்கிறான் என்று அவனுடைய அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? அந்த அம்மா, விஜயலக்ஷ்மி மாமி, ஒரே ஒருமுறை ஷெட்டுக்கு வந்தார். மேசைமேல் அடுக்கியிருந்த சிவப்புத் துணித் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிக்குடா இதெல்லாம்?" என்று கேட்டார். "வெளிநாட்டுக் கட்சிம்மா" என்றார் சார். நாங்கள் குனிந்துகொண்டு சிரித்தோம்.

அதனால் எங்களுக்கும் அது கொடிதான். டிப்-அப் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும்; நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஏரி முழுக்க உறைந்துபோகிற நாடுகள் இருக்கின்றன. அங்கே ஏரியின்மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் ஒரு துளை போட்டு, துளையின் குறுக்கே இந்தக் கருவியை வைத்து, தூண்டிலைக் கீழே இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் நின்று விறைக்க வேண்டாம். தூரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். அடியில் மீன் இழுத்தால், மடக்கி வைத்திருக்கும் கொடி விடுபட்டு நிமிரும். கூடாரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவருவார்கள். சார் போனில் படம் காட்டித்தான் எங்களுக்கு இதெல்லாம் விளங்கியது. நான் மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். பனிமூட்டம் இறங்கும் காலத்தில் காலையில் தண்ணீரில் கைவைக்க முடியாது. குளிர் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு தினுசு செய்தோம். சிவப்பு, ஆரஞ்சு. சிவப்பு சாதாரணம்: ஒரு பலகை, பிளாஸ்டிக் பட்டையில் கொடி, ஒரு சுருள். ஆரஞ்சு உயர்ந்த தினுசு. துளை மறுபடி உறைந்து மூடாமலிருக்க வட்டமான கனத்த மூடி, எந்தக் குளிரிலும் கட்டியாகாத கிரீஸ் அடைத்த பித்தளைக் குழாய், கொடிக்கு ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை. ஒரு ஆரஞ்சின் விலைக்கு நான்கு சிவப்பு வாங்கலாம்.

"நாலு மடங்கு வெலை. எதுக்குன்னு கேக்கறான் அவன்" என்றார் சார். அவன் என்பது வெளிநாட்டில் மொத்தமாக வாங்குகிற கடைக்காரர். "நியாயமான கேள்விதானே? அதுல என்ன இருக்குன்னு காட்டினாத்தானே ஆர்டர். ஒரு காரியம் செய்யலாம். முன்னாடி கோல்ட் ஸ்டோரேஜ் இருக்கே, அதுல ரெண்டையும் வெச்சு நோக்கலாம்."

என் கணவர் செல்வமணி சொன்னார்: "சார், நீங்க உள்ள வராதிய. உள்ள முழுக்க மீனு."

"நான் மூக்கப் பொத்திண்டு வருவேன், நீ கவலைப்படாதே" என்றார் சார். ஆனால் வரவில்லை.

அந்த ஆரஞ்சை முழுக்கச் செய்தவர் செல்வமணிதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்; கம்பி கட்டப் பழகிய கை. ஸ்டீல் பட்டையைத் தீட்டி, தேய்த்து, ரிவிட் அடித்து, கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டு, மறுபடி ஆரம்பித்துச் செய்தார். ஒன்றே ஒன்றுதான் தேறியது. ராத்திரி சாப்பிடும்போதும் அதைப் பற்றித்தான் பேச்சு. "பிள்ளை பெத்தவன்கூட இப்படிப் பேசமாட்டான்" என்று நான் கிண்டல் செய்வேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஷெட்டின் பின்புறம் சின்ன முற்றம். ஒரு பக்கம் ஷெட், எதிர்ப்பக்கம் கோல்ட் ஸ்டோரேஜின் பின்சுவர். அந்தச் சுவரோரமாகச் சிவப்புகளை வரிசையாக வைத்து, தொட்டித் தண்ணீரில் நூலை இறக்கிச் சோதித்துப் பார்ப்போம். கொடி எழுந்தால் முதலில் பார்த்தவர் "கொடி!" என்று கத்த வேண்டும், எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். சார் வைத்த பழக்கம் அது. ஆனால் சிவப்பு, இழுத்தால் மட்டும் எழுவதில்லை. கடல்காற்று அடித்தால் எழும். காகம் உட்கார்ந்தால் எழும். பூனை உரசினால் எழும். ஓடி ஓடிப் பார்த்து ஏமாந்த பிறகு, "கொடி!" என்பது "பொய்க்கொடி!" ஆயிற்று. அப்புறம் அதைச் சொல்லும்போது யாரும் தலையைக்கூடத் தூக்குவதில்லை. வேலை செய்தபடியே, தும்மினவனுக்குச் சொல்வது மாதிரி, "பொய்க்கொடி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை அதிகமாகச் சொன்னவன் தளவாய். செல்வமணியின் ஊர்க்காரன், அவரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவான். வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. மலையாளம் தெரியாது, தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான். யார் என்ன கேட்டாலும் காதில் விழுந்த கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லி "ஆமா சேட்டா" என்பான். "எப்படியும் பாதி தமிழ்தான மதினி, மிச்சத்த நாம போட்டுக்கிட வேண்டியதுதான்" என்பான்.

உத்ராடத்தன்று இது நடந்தது. மறுநாள் திருவோணம். மலையாளிகள் எல்லோரும் சாமான் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சாரும் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். சோதனை முடிந்திருந்தது. கோல்ட் ஸ்டோரேஜுக்குள் நான்கு சிவப்பும் ஒரு ஆரஞ்சும் சில நாட்களாக உப்புத்தண்ணீர்த் தொட்டிகளின்மேல் கிடந்தன. சிவப்பில் மூன்று விறைத்து, இழுத்தால் அசையவில்லை. நான்காவது, உள்ளே குளிர்காற்று ஊதும் ஃபேனுக்கே எழுந்து நின்றது. ஆரஞ்சு மட்டும் ஒவ்வொரு முறையும் தொட்டவுடன் எழுந்தது. தொடாதபோது படுத்தே கிடந்தது. சாமான்களை வெளியே எடுத்துவந்து பெட்டி கட்டிவிட்டால் ஓணம் கழிந்ததும் அனுப்பிவிடலாம். அதற்குத்தான் நானும் செல்வமணியும் போனோம்.

தளவாய் பின்முற்றத்தில் பலகைகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். "நாங்க எடுத்து வச்சிட்டு அப்படியே முன்வாசல் வழியா சாலைக்குப் போனாலும் போவோம்டே, நீ முடிச்சிட்டு பூட்டு" என்று இவர் அவனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கோல்ட் ஸ்டோரேஜ் அறை, தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. சில படிகள் இறங்கிப்போக வேண்டும். படிக்கு மேலே மேசை இழுப்பறையில் போன்களை வைத்தோம். உள்ளே கொண்டுபோனால் நனைந்து கெட்டுவிடும். அங்கே கனத்த கோட்டு ஒன்றுதான் தொங்கியது. "உடனே வந்துருவோம்லா, நீ போட்டுக்க" என்றார். அவர் சட்டையோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கனத்த கதவு எங்களுக்குப் பின்னால் தானாகச் சாய்ந்து மூடியது. எப்போதும் அப்படித்தான் மூடும். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியே இரும்புப் பட்டையைப் போடாதவரை.

அடுத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தளவாய் தண்ணீர் பிடிக்க முன்பக்கக் குழாய்க்கு வந்திருக்கிறான். வாட்ச்மேன் ஆனந்தகிருஷ்ணன் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றிருக்கிறார். எங்களைப் பற்றிக் கேட்பதுபோல் கோல்ட் ஸ்டோரேஜ் பக்கம் தலையை ஆட்டி, "எல்லாரும் இறங்ஙியோடே?" என்று கேட்டிருக்கிறார்.

மலையாளத்தில் அதற்கு, எல்லோரும் கிளம்பிவிட்டார்களா என்று பொருள். வீட்டிலிருந்து புறப்பட்டால் இறங்கி என்பார்கள், வேலை முடிந்து போனாலும் இறங்கி என்பார்கள். தளவாய்க்குத் தெரிந்த இறங்குவது ஒன்றுதான். படி இறங்குவது.

"ஆமா சேட்டா, இறங்கியாச்சு. ரெண்டு பேரும் இறங்கியாச்சு."

ஆனந்தகிருஷ்ணன் இரும்புப் பட்டையைப் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். சாவி அவருடைய பையில். மறுநாள் காலையில் குளிரூட்டும் மெஷினைப் பார்க்க ஒரு ஆள் வருவார், அறையைத் திறக்கமாட்டார்.

விளக்கு அணைந்ததும் கரண்ட் போனது என்றுதான் நினைத்தோம். ஆனால் குளிர்காற்று ஊதும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. செல்வமணி இருட்டில் தடவிப்போய்க் கதவைத் தள்ளினார். மறுபடி தள்ளினார்.

"ஏட்டி, மலரு. பூட்டிட்டான்."

"விளையாடாதீங்க."

"நீயே வந்து தள்ளிப் பாரு."

கதவருகில் ஒரு மணி பொத்தான் உண்டு. அழுத்தினால் வாட்ச்மேன் அறையில் அடிக்கும். அழுத்திக்கொண்டே இருந்தோம். அவர் இல்லாத அறையில் அது அடித்துக்கொண்டிருந்திருக்கும். கதவை அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினோம். கைக்குக் கிடைத்தது உறைந்த சூரை மீன்தான், விறகுக்கட்டை மாதிரி. அவர் அதன் வாலைப் பிடித்துக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தார். கதவு அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது. தலையணையில் அடிப்பதுபோல் இருந்தது.

"மீனடி வாங்குன கதவு இது ஒண்ணுதான் இருக்கும்" என்றார் மூச்சு வாங்க. அப்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. "பயப்படாத. நாளைக்கு மாவேலி ராசா வாராருல்லா. பாதாளத்துலேர்ந்து வரணும்னா நம்ம வழியாத்தான் வரணும். அவரு கூடவே ஏறிருவோம்."

"நாளைக்கு வரைக்கும் இங்க இருக்க முடியாது" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு மாவேலியைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு கோட்டு, இரண்டு பேர். முறை வைத்துக்கொள்ளலாம் என்றேன். மெஷின் கொஞ்சநேரம் ஓடும், கொஞ்சநேரம் நிற்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கோட்டை மாற்றிக்கொள்வது என்று பேச்சு. போட்டிருப்பவர் கோட்டைத் திறந்து மற்றவரை அணைத்துக்கொண்டு நிற்பது. அந்தக் குளிரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் மலையில் குளிர் வெளியிலிருந்து வரும். போர்த்திக்கொள்ளலாம், அடுப்பு மூட்டலாம். இது எங்களிடமிருந்து எதையோ உருவி எடுத்துக்கொண்டிருந்தது. மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தியது. கண்ணிமை ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் பெட்டி பெட்டியாகச் சூரையும் கணவாயும். அவையும் எங்களைப்போலவே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

துளை ஞாபகம் வந்தது செல்வமணிக்குத்தான். பின்முற்றத்துச் சுவரில் எப்போதோ பழைய குழாயைப் பிடுங்கிய துளை ஒன்று உண்டு. அணில் அதில் கூடு கட்டப் பார்க்கும், தளவாய் விரட்டுவான். அது இந்த அறையின் சுவர்தானே? பெட்டிகளை நகர்த்தினோம். ஒவ்வொன்றும் தரையோடு ஒட்டியிருந்தது; காலால் உதைத்து விடுவித்தோம். சுவரைத் தடவிக்கொண்டே வந்தபோது என் விரலில் சாக்குத்துணி பட்டது. துணியையும் தெர்மக்கோலையும் பிய்த்து எடுத்தோம். ஒரு நூல் வெளிச்சம் உள்ளே வந்தது. வெயில். இந்தப் பக்கம் நாங்கள் விறைத்துக்கொண்டிருக்க, ஒரு முழச் சுவருக்கு அந்தப் பக்கம் மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வாயை வைத்துக் கத்தினேன். "தளவாய்! தளவாய்!" தொண்டை கிழிந்தது. ஆனால் துளைக்கு வெளியே நேர் கீழே மெஷினின் பெரிய ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். முற்றத்தில் வேலை செய்யும்போது அடுத்த ஆள் பேசுவதே கேட்காது என்பது எங்களுக்கே தெரியும். மெஷின் நின்ற நேரத்திலும் கத்திப் பார்த்தேன். அவன் அப்போது போனில் பாட்டு வைத்திருந்தானாம்.

துளையில் கை நுழையவில்லை. என் கைகூட.

"கொடி" என்றார் அவர்.

சிவப்பு ஒன்றை எடுத்து, கொடி சுற்றிய பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றித் துளைக்குள் தள்ளினார். அப்பளம்போல் ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. குளிரில் அந்தப் பிளாஸ்டிக் அப்படித்தான். "இதையும் கண்டுபிடிச்சாச்சு, சார்ட்ட சொல்லணும்" என்றார். மூன்றாவதைத் துளையில் விடவில்லை. சட்டையை விலக்கி, பட்டையை நெஞ்சோடு வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். வெறும் நெஞ்சில் அந்த உறைந்த பட்டை. கோட்டு அவர் முறை, அவர் போட்டுக்கொள்ளவில்லை.

"போட்டுக்கோங்க."

"போட்டா இது சூடாகாதுட்டி. சும்மா இரி."

பட்டை இளகியதும் மெதுவாகத் தள்ளினார். இந்த முறை ஒடியவில்லை. துளை சுவருக்குள் கொஞ்சம் வளைந்து போகிறது. வளைவில் தயங்கி, பிறகு போய்விட்டது. வெளியே சிவப்புக் கொடி எட்டிப் பார்த்திருக்கும். அவர் பட்டையை முன்னும் பின்னும் ஆட்டினார்.

"இப்ப பாத்துருப்பான்."

நாங்கள் காத்திருந்தோம். மெஷின் நின்றது, ஓடியது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தளவாய் பார்த்தான். முதல் ஆட்டத்திலேயே பார்த்துவிட்டான். சுவரோரமாக எப்போதும் நிற்கிற சிவப்புகளில் ஒன்று காற்றில் எழுந்துவிட்டது என்று நினைத்து, பிரஷ்ஷைக் கீழே வைக்காமல், "பொய்க்கொடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பலகையை எடுத்தான். நாங்கள் சாலைக்குப் போயிருப்போம் என்றே நினைத்திருந்தான்.

"ஏங்க, ஆரஞ்சை விடுங்க" என்றேன்.

"அது வேண்டாம்."

"அவன் சிவப்பை நம்பமாட்டான். யாரு நம்புவா? நாமளே நம்பமாட்டோம்."

"துளை வளைஞ்சிருக்குட்டி. ஸ்டீலு உள்ள மடிஞ்சிட்டுன்னா அப்புறம் நேராகாது. ஒண்ணுதான் இருக்கு. அனுப்பணும்லா? இத வச்சுத்தான் சாருக்கு ஆர்டரே. இன்னும் கொஞ்சம் ஆட்டுவோம். தளவாய் பாக்காம எங்க போவான்?"

நான் இருட்டில் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். அந்த நூல் வெளிச்சத்தில் தாடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. தான் செய்த பொருளைத் தானே கெடுக்க அவருக்குக் கை வராது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு தேய்ந்த கத்தியைத் தூக்கிப்போடவே மனம் வராத மனிதர்.

பட்டை ஒருமுறை அதிகமாக ஆடியபோது வளைவில் ஒடிந்தது. கையில் பாதிதான் மிச்சம். நான்காவதை எடுத்து மறுபடி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் வாங்கி என் கோட்டுக்குள் வைக்கப் பார்த்தேன், தரவில்லை. பேச்சு குழறத் தொடங்கியது. "தளவா, தளவா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஊரில் செத்துப்போன தன் அக்காவைக் கூப்பிட்டார். பிறகு நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன், பழகிவிட்டது என்று.

மெஷின் நின்றது. "உங்க முறை" என்று கோட்டைக் கழற்றினேன்.

"வேண்டாம்டி. சூடா இருக்கு."

"நடிக்காதீங்க. முறைன்னா முறை."

"நெசமா. அடுப்பு முன்னால இருக்க மாதிரி இருக்கு." துண்டை அவிழ்த்துப் போட்டார். சட்டையையும் கழற்றினார். நான் சண்டை போட்டேன். எனக்காக விட்டுக்கொடுக்கிறார், பொய் சொல்கிறார் என்றே கோபப்பட்டேன். கோட்டை அவர் தோளில் போர்த்தினேன், தள்ளிவிட்டார். நிஜமாகவே புழுக்கத்தில் இருப்பவர் தள்ளுவதுபோல் தள்ளினார். உடம்பு உறைந்து முடிகிற நேரத்தில் சிலருக்கு அப்படித்தான் சூடாகத் தெரியுமாம். டாக்டர் பிறகு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் தடவிப்போய் ஆரஞ்சை எடுத்தேன்.

"நான் இதை எடுக்கறேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏங்க, உங்க ஆரஞ்சை உடைக்கப் போறேன்."

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பட்டையைக் குழாயோடு சேர்த்து ரிவிட் அடித்திருந்தார், ஒருபோதும் கழலாத மாதிரி. தரையில் வைத்து உறைந்த மீனால் அடித்தேன். அடிக்க அடிக்க மீன் சிதறியது, ரிவிட் அசையவில்லை. தொட்டியின் விளிம்பில் மாட்டி முழு எடையையும் போட்டு அழுத்தினேன். விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. பித்தளையில் ஒட்டிய தோல் பிய்ந்துகொண்டு வந்தது, வலி தெரியவில்லை. கடைசியில் பட்டை விடுபட்டது. துளையில் நுழைத்தேன். வளைவு வந்தது. அது நிற்கவேயில்லை. பாம்பு புற்றுக்குள் போவதுபோல் வளைந்து போய்விட்டது. மறுமுனை வெளியே நிமிர்ந்ததை என் கையில் உணர்ந்தேன். விர்ரென்று ஒரு துள்ளல்.

பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவரைத் தேடினேன். முழங்கால் கிடைத்தது. "போட்டாச்சு. பாருங்க, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சத்தின் நிறம் மாறியிருந்தது. திடீரென்று அது மறைந்தது. யாரோ துளையில் முகத்தை வைத்தார்கள். அப்புறம் என் கையிலிருந்த பட்டை இழுபட்டது, வெளியேயிருந்து, இருமுறை. நான் பலம் இருக்கிற மட்டும் திருப்பி இழுத்தேன்.

உலகத்தில் இருந்த ஒரே ஆரஞ்சுக் கொடி அது. அது எங்கே இருந்தது என்று தளவாய்க்குத் தெரியும். காற்றுக்கு அது எழாது என்பதும் தெரியும். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றி ஓடி, கடப்பாரையால் பூட்டை உடைத்தான். கதவு திறந்தபோது மாலை வெளிச்சம் படியில் இறங்கி உள்ளே வந்தது. செல்வமணி பெட்டிமேல் சட்டையில்லாமல், வெயிலில் ஓய்வெடுப்பவர்போல் சாய்ந்திருந்தார். நெஞ்சோடு சிவப்புப் பட்டை. கை அதை விடவில்லை.

"அண்ணே, அண்ணே" என்று தளவாய் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். தெருவில் வந்த ஆட்டோவை மறித்தான். ஆஸ்பத்திரியில் சூடு ஏற்றிப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். என்னுடைய இரண்டு விரல்நுனிகள் போயின. அவர் திரும்பவில்லை. வெளியே வார்டு வாசலில் யாரோ அத்தப்பூக்கோலம் போட்டிருந்தார்கள்.

விசாரணையில்தான் அந்த வார்த்தை வெளியே வந்தது. ஆனந்தகிருஷ்ணன் அழுதுகொண்டே, "இவன் பறஞ்ஞு சாரே, ரெண்டு பேரும் இறங்ஙி என்னு பறஞ்ஞு" என்றார். தளவாய்க்கு முதலில் விளங்கவில்லை. "ஆமா சார், நான் சொன்னேன், இறங்கியாச்சுன்னு சொன்னேன்" என்றான், தன் பக்கம் நியாயம் இருப்பவன்போல. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தமிழ் தெரிந்தவர். பேனாவை வைத்துவிட்டு, அவனுக்கு மெதுவாக விளக்கிச் சொன்னார். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவன் மலையாளம் நன்றாகப் பேசுகிறான். ஆனால் பஸ்ஸில் நாங்கள் சேர்ந்து போகும்போது கவனித்திருக்கிறேன். நிறுத்தம் வந்தால் இந்த ஊரில் எல்லோரும் "ஆள் இறங்ஙானுண்டு" என்று குரல் கொடுப்பார்கள். அவன் கொடுப்பதில்லை. வேறு யாரும் அங்கே இறங்காவிட்டால், அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிறான். நானும் கூடவே நடக்கிறேன்.

நவநீத் சார் ஓணம் கழிந்து நெடுநாள் ஷெட்டைத் திறக்கவில்லை. ஒருநாள் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அம்மாவும் கூட வந்திருந்தார். மாமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எது கொடி, எதற்குக் கொடி என்று. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

சார் நின்றுகொண்டே இருந்தார். "அந்த வெளிநாட்டுக் கடைக்காரன் மறுபடி எழுதியிருக்கான்" என்றார். "அவனுக்கு இங்க நடந்தது தெரியாது. நாலு மடங்கு வெலை எதுக்குன்னு அதேதான் கேக்கறான். நான் ஷெட்டை மூடிடலாம்னு இருக்கேன், ஜெபமலர். நீங்க சொல்லுங்கோ. என்ன பதில் எழுதட்டும்?"

"அந்தப் பட்டை எங்கே சார்?" என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து எடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. ஆரஞ்சுத் துணியில் வார்னிஷ் கறை, தளவாயின் கைபட்டது. நான் பட்டையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். செல்வமணி அப்படித்தான் பார்ப்பார். அப்புறம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தேன். திரும்பவும் தடவினேன். ஒரு மடிப்பு இல்லை. ஒரு நெளிவு இல்லை. அவர் தீட்டிக் கொடுத்த அன்று இருந்ததுபோலவே நேராக இருந்தது.

"சிவப்பு இனிமே செய்ய வேண்டாம் சார்" என்றேன்.

"சரி."

"அவருக்கு, இது மடங்காதுன்னு எழுதுங்க."